உட்கார்ந்திருந்தவரின் ஓட்டு

ஜிப்பக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் ஆள் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். பெரிய துணிக்கடை ஒன்றின் பின்பக்கம், உடுப்பு போட்டுப் பார்க்கும் அறைக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, கடையில் வாங்கியதை ஆளுக்கேற்ப மாற்றித் தருவது அவள் வேலை. பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிரித்து விடுவாள், சிக்கிக்கொண்ட ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்தே சரிசெய்வாள். அந்தக் கடைசி வித்தையால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வாய் கொஞ்சம் நீளம். "சார், துணி சுருங்கல, நீங்கதான் விரிஞ்சிட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். ஆனால் இரண்டு தடவை கேட்காமல் கத்தரியைக் கையில் எடுக்க மாட்டாள். "குறைச்சிடலாமா? நிச்சயமா? வெட்டினா ஒட்டாது, சொல்லிட்டேன்" என்பாள். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். அந்தச் சும்மா நிற்கிற நேரத்தில் மனசு மாறிப் போனவர்கள் நிறையப் பேர்.

புருஷன் டவுன் பஸ் டிரைவர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம், அவள் கையில் கிடந்த வளையல், மெஷின் முன்னால் கூன் போட்டே கழிந்த பாதி ஆயுசு, எல்லாம் சேர்ந்து ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடாக ஆயிற்று. லிஃப்ட் இல்லாத கட்டடம். அதனால்தான் இவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு வந்தது. "இவ்வளவு வருஷம் சீட்டுல உக்காந்தே இருந்தாச்சு, இனிமே படி ஏறினா உடம்புக்கு நல்லதுதானே" என்றார் டிரைவர். என்ன நேரத்தில் சொன்னாரோ! குடிவந்த மறுவருஷமே பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் வாரிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது 'ம்' என்கிற ஒரு சத்தம்தான். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பார். இல்லை என்றால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். எந்நேரமும் முகம் ஜன்னல் பக்கம்தான். அங்கே என்ன இருக்கிறது? எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே பஸ் ஸ்டாப் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் படுத்தவருக்கு அது தெரியாது, பஸ் வந்து நின்று கிளம்பும் சத்தம் மட்டும் கேட்கும். "கியர் மாத்தற சத்தத்துலயே எந்த டிரைவர்னு கண்டுபிடிச்சிடுவாரு" என்று ஜிப்பக்கா பெருமையடித்துக்கொள்வாள். அவரால் பேச முடியாததால் அவருக்கும் சேர்த்து இவளே பேசிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் இவள், சொந்தக்காரர்களிடம் இவள். "அவருக்கு ரசம் பிடிக்காது, அவருக்குக் குளிரும், அவரு இப்போ தூங்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். நல்ல பெண்பிள்ளை, ஆனால் மூச்சு விட இடம் கொடுக்க மாட்டாள்.

மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரி. மார்க்கெட்டிலிருந்து இரண்டு சுமை தூக்குகிறவர்கள் வருவார்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் டிரைவரை உட்காரவைத்துக் கயிற்றால் கட்டி, மூன்று மாடியும் இறக்குவார்கள். ஒரு ஊரையே ஏற்றிக்கொண்டு போன மனிதர், படி நெடுகக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து பார்ப்பார்கள் என்கிற வெட்கம் அவருக்கு.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம் லிஃப்ட் பேச்சை எடுத்தது.

செக்ரட்டரி நாலாவது மாடிக்காரர், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் மனைவிக்கு முட்டி தேய்ந்து, படியைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வரும் நிலைமை. ஆனால் வசதி உள்ளவருக்கு, இல்லாதவரும் இருப்பார் என்பது ஞாபகத்தில் நிற்காது. மாதாமாதம் கட்டுகிற பராமரிப்புப் பணத்துக்கு மேல் 'சிறப்பு வசூல்' என்று ஒன்று போட்டார். வீட்டுக்கு இவ்வளவு, மூன்று மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். அந்த 'இவ்வளவு', ஜிப்பக்கா இரண்டு வருஷம் சாப்பிடாமல் கொள்ளாமல் தைத்தால் சேரும் தொகை. நோட்டீசைப் படித்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்துச் செலவுக்கே கடன் வாங்கிக்கொண்டிருந்தாள். இதைக் கட்டுவதென்றால் வீட்டைத்தான் விற்க வேண்டும்.

கூட்டம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்தது. 'வீட்டுச் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும்' என்று நோட்டீசில் இருந்ததால், கூலி கொடுத்து டிரைவரையும் நாற்காலியோடு இறக்கிக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தீர்மானமானாலும் எதிர்க்கிறவர்கள் மட்டும் எழுந்து நிற்க வேண்டும், உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் சம்மதம் என்று கணக்கு. எண்ணுவதற்குச் சுலபம் என்று யாரோ எப்போதோ ஆரம்பித்தது. நாலு பேர் பார்க்க எழுந்து நிற்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்பதால், அங்கே எந்தத் தீர்மானமும் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

"லிஃப்டுக்குச் சிறப்பு வசூல். எதிர்க்கிறவங்க எழுந்து நிக்கலாம்" என்றார் செக்ரட்டரி.

தரைத்தள வீட்டுக் கணக்கு டீச்சர் முதலில் எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர். ஜிப்பக்காவும் விருட்டென்று எழுந்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா. வீடு சார் பேர்ல இருக்கு. ஓட்டு அவருக்குத்தான்."

"அவரு எப்படி சார் எழுந்திருப்பாரு?"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். முதல்ல, அவருக்கு விஷயம் புரியுதான்னே தெரியல."

போதாதா? "புரியுதாவா?" என்று ஜிப்பக்கா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "உங்களுக்கும் எனக்கும் புரியறதைவிட நல்லாவே புரியும்! போனது காலும் கையும்தான், மூளை இல்ல! அவரு கண்ணப் பாத்துச் சொல்லுங்க சார் அந்த வார்த்தையை!"

செக்ரட்டரி கண்ணைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வீட்டில் நாலு பேர் நிற்கிறார்கள், எட்டு வீடு சம்மதம், மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது, தீர்மானம் நிறைவேறியது என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் விழுந்திருக்கும். எழுந்து நிற்க முடியாத ஒரு மனிதனின் ஓட்டு!

டிரைவரை மறுபடி மேலே தூக்கப் போனபோது, அவர் இடது கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ம்... ம்..." என்று முனகினார். "அவசரமா வருதா? இருங்க, தோ மேல போயிடலாம்" என்று சொல்லி, ஜிப்பக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

பணம் கட்டாதவர்கள் என்று படிக்குக் கீழே எழுதி ஒட்டினார்கள். கெடு தாண்டினால் தண்ணீர்க் குழாயை அடைப்போம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்த வாரம் கடைக்கு ஒரு வக்கீலம்மா, புதுக் கறுப்புக் கோட்டின் கையைக் குறைக்க வந்தாள். அளவெடுக்கும்போதே ஜிப்பக்கா விஷயத்தைக் கொட்டிவிட்டாள். குண்டூசி வாயில் இருந்தாலும் பேச்சு நிற்காத ஜென்மம்.

"தண்ணிய நிறுத்துவாங்களா? நிறுத்த அவங்க யாரு அக்கா?" என்றாள் வக்கீலம்மா. "உங்க சங்கத்தோட விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்க. வீட்டுக்காரங்க கேட்டா குடுத்தே ஆகணும்."

வாங்கிக்கொண்டு போனாள். வக்கீலம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொன்னாள். சிறப்பு வசூல் என்றால் என்ன செலவு, யாரிடம் விலை கேட்டார்கள் என்பதை எல்லாருக்கும் முன்கூட்டியே காட்ட வேண்டும். ஒரு வீட்டுக்காரர் கேட்டாலும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிற ரகசிய ஓட்டுதான் வைக்க வேண்டும். வர முடியாதவருக்குப் பெட்டி வீட்டுக்கே வர வேண்டும். அப்படியே நிறைவேறினாலும், முடியாதவர்கள் தவணையில் கட்டலாம். "இவ்வளவும் இதுலயே இருக்குக்கா. யாரும் படிக்கல, அவ்வளவுதான்."

ஜிப்பக்காவுக்குச் சிறகு முளைத்தது. மனு எழுதிப் போட்டாள். சங்கங்களைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்கு வேலையை விட்டுவிட்டு நடையாய் நடந்தாள். டிரைவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, கேட்டதைப் புரிந்துகொள்கிறார் என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, அதைச் செக்ரட்டரியின் கையிலேயே கொடுத்தாள். கடைசியில் மறு ஓட்டு நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அன்றைக்கு டிரைவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "நாம அஞ்சு பேரு. அவங்க ஏழு. எட்டு வந்தாத்தான் செல்லும். லிஃப்டும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. நம்ம வீடு நமக்கே!" என்றாள். டிரைவர் வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "சூடா இருக்கா?" என்று அவள் கஞ்சியை ஊதினாள்.

ஓட்டு நாளில் கணக்கு டீச்சரும் செக்ரட்டரியும் பெட்டியோடு மூன்றாவது மாடிக்கு வந்தார்கள். சீட்டில் இரண்டு கட்டம்: 'வேண்டும்', 'வேண்டாம்'. ஜிப்பக்கா தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவரை நிமிர்த்தி, இடது கையில் பென்சிலைப் பிடிக்கவைத்தாள்.

"அக்கா, நீங்க வெளிய இருங்க" என்றாள் டீச்சர். "யாரும் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் கேட்டீங்க?"

"ஆமா ஆமா" என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். பென்சில் காகிதத்தில் இழுபடும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. எழுதுகிறார், என் மனுஷன் எழுதுகிறார் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் கீழே எண்ணினார்கள். வேண்டும் எட்டு. வேண்டாம் நாலு.

ஜிப்பக்கா விரல் விட்டு மறுபடி எண்ணினாள். ஐந்து பேரில் எவனோ எவளோ கவிழ்த்துவிட்டார்கள். முதல் சந்தேகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செக்ரட்டரியோடு சுற்றிய டீச்சர் மேல்தான். "சிரிச்சுக்கிட்டே கழுத்தறுத்துட்டியே! நல்லா இருப்பியா?" என்று படியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா நான் இல்லக்கா" என்று அந்தப் பெண் அழுதது. இவள் காதில் அது ஏறவில்லை. காறித் துப்பாத குறையாக மேலே வந்தாள்.

"தோத்துட்டோங்க" என்று கட்டில் ஓரம் விழுந்து அழுதாள். "நம்மாளுல யாரோ துரோகம் பண்ணிட்டாங்க. விளங்குவாங்களா அவங்க?"

டிரைவர் இடது கையைத் தூக்கி நெஞ்சில் தட்டினார்.

"ஐயோ, நெஞ்சு வலிக்குதா?"

கட்டில் சட்டத்தைத் தட்டினார். இல்லை. மறுபடி நெஞ்சைத் தட்டினார்.

அவள் அழுகை அப்படியே நின்றது. "நீங்களா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"தெரியாம மாத்திப் போட்டுட்டீங்களா? கை நடுங்கிடுச்சா?"

இல்லை.

"அப்புறம் ஏங்க?" என்று கேட்டுவிட்டாள், அதற்கு ஆமாம் இல்லை என்று எப்படிப் பதில் சொல்வார்? கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார். காட்டிய விரலைக் கீழே, தெருவைப் பார்த்து மடக்கினார். கீழே ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியது.

"கீழ போகணுமா?"

கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. ஓரத்தில் வழிந்த தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

கூட்டத்தன்றைக்கு அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்ததும், கஞ்சிக்கு வாயை மூடிக்கொண்டதும் அவளுக்கு அப்போதுதான் விளங்கின. செக்ரட்டரி அநியாயமாக எண்ணினாரே எட்டு என்று, அது அன்றைக்கே சரியான எட்டுதான். முன்பின் தெரியாதவன் பேன்ட்டைக் குறைக்க இரண்டு தடவை கேட்கிறவள், இந்த மனுஷனை ஒரு தடவை கேட்டாளா? இத்தனை மாதம் அவர் பெயரைச் சொல்லி ஊரையெல்லாம் எதிர்த்துச் சண்டை போட்டாளே, லிஃப்ட் உங்களுக்கு வேணுமா வேணாமா என்று ஒரு வார்த்தை!

கோபமும் வந்தது, வராமல் இருக்குமா? "வீடு போயிடுமே, அது தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கண்ணை மூடித் திறந்தார். தெரியும்.

விஷயத்தைக் கேட்ட வக்கீலம்மா எழுந்து தன் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு ஒரு வழி சொன்னாள். "ஒரு ஓட்டுதான் வித்தியாசம். டாக்டர் சான்றிதழ் வாங்கினதுக்கு அப்புறம் அவருக்குப் புத்தி நிதானம் தப்பிடுச்சு, அந்த ஓட்டு செல்லாதுன்னு மனைவியா நீங்க எழுதிக் குடுத்தா தீர்மானம் விழும். செக்ரட்டரியே முன்னாடி அப்படிச் சொன்னவர்தானே, அவரால மறுக்க முடியாது. அது பொய்தான்க்கா, நான் தப்பாச் சொல்றேன்னு எனக்கே தெரியுது. ஆனா வீடு தங்கும்."

தாளை மேஜைமேல் வைத்தாள். ஜிப்பக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். வீடு என்பது அவளுக்கு வெறும் வீடா? பிறந்தது ஒண்டுக் குடித்தனம், வாழ்ந்தது வாடகை அறை. சொந்தக் கதவை உள்ளே இருந்து தாழ் போட்ட முதல் நாள், திறந்து திறந்து நாலு தடவை தாழ் போட்டுப் பார்த்தவள். பேனா தாளைத் தொடுகிற வரைக்கும் போனாள். வெட்டினால் ஒட்டாது என்று தினமும் ஊருக்குச் சொல்கிற வார்த்தை அவளுக்கே குறுக்கே வந்து நின்றது.

"வேணாம்மா" என்று பேனாவை மூடினாள். "அவருக்குப் புரியும்னு ஊரக் கூட்டிக் கத்தினவ நான். இப்ப புத்தி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, அந்த வீட்டுல அவரு பக்கத்துல எப்படிம்மா படுக்கறது? அவரு கண்ணு என்னையே பாக்குமே."

தவணை கேட்டாள், கொடுத்தார்கள். அந்த உரிமையைச் செக்ரட்டரியால் தடுக்க முடியவில்லை, தண்ணீரில் கை வைக்கவும் இல்லை. விதிப் புத்தகத்தில் இருந்த எல்லா உரிமையும் கிடைத்தது. கட்டுவதற்குப் பணம் கிடைக்கும் என்று அதில் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. வீட்டிலிருந்த இன்னொரு மெஷினை விற்றாள். ஞாயிற்றுக்கிழமையும் தைத்தாள். மருந்துக்கடைக் கடன் ஒரு பக்கம், தவணை ஒரு பக்கம் இழுத்ததில் அரை வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வீட்டை விலை பேசினாள். வாங்க வந்தவன் அறைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "லிஃப்ட் வரப்போகுதாமே!" என்று வாயெல்லாம் பல்லாக முன்பணம் கொடுத்தான்.

கடன் போக மிஞ்சியதற்குக் கிடைத்தது ஊர்க்கோடியில் வாடகைக்கு ஒற்றை அறை. அதுவும் முதல் மாடி. பஸ் போகாத தெரு.

கிளம்புகிற நாளில் லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டுதான் டிரைவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. டீச்சர் வாசலில் நின்றிருந்தாள். ஜிப்பக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் போய் அப்படிப் பேசிட்டேனே, என் வாயில மண்ணு விழ" என்றாள்.

சாமான் வண்டி தெருவோரம் நின்றது. கட்டில், பாத்திரம், மூட்டை எல்லாம் ஏற்றி முடித்தாயிற்று. டிரைவரை ஏற்றுவதுதான் பாக்கி. நடைபாதையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருக்கு எதிரே பஸ் ஸ்டாப். பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் இடது கையைக் கொஞ்சமாகத் தூக்கினார், எதிரே வருகிற டிரைவருக்கு டிரைவர் தூக்குகிற மாதிரி. உள்ளே இருந்தவன் புதுப் பையன், கண்ணாடியில் பின்னால் ஏறுகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பிப் போய்விட்டது. கை தூக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

ஜிப்பக்கா அவர் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

"போலாமாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

டிரைவர் நாற்காலிக் கையைத் தட்டினார்.

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "ஏம்மா, நேரமாவுது! அடுத்த லோடு இருக்கு எனக்கு. ஏத்திடலாமா?"

"இருப்பா" என்றாள் ஜிப்பக்கா, திரும்பாமலே. கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அவரு இன்னும் வரேன்னு சொல்லல."